ஒரு பழைய ஏர் ரைஃபிளும் காலண்டர் ஆணியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தெற்கே ஒரு சின்ன ஊரில் எனக்கு லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் பிள்ளைகளின் ஏர் ரைஃபிள்களுக்கு ஸ்க்ரூ முடுக்குவது, காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தைப் பார்ப்பது போன்ற எடுபிடி வேலைகளைச் செய்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேஸில் கடைசியாகப் பிடிபட்ட கோளாறு ஒரு பயிற்சியாளர் பத்து நிமிடத்தில் பிடித்திருக்கக்கூடியது. எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

பதினோராம் வகுப்புப் பெண். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அப்பாவுக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. கிளப் துப்பாக்கியில் இரண்டு வருஷம் பழகியபின், சென்ற ஆண்டு ஒரு மூத்த வீரரிடமிருந்து காற்றுச் சிலிண்டர் வகை மேட்ச் ரைஃபிள் ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். 60 குண்டுக்கு 611, 612 என்று வந்துகொண்டிருந்த பிள்ளை, புதுத் துப்பாக்கி கைக்கு வந்து மூன்றாவது மாதத்தில் 598-க்கு இறங்கிவிட்டாள். அதிகபட்சம் 654 வரும் விளையாட்டில் இது பெரிய சரிவு.

கிளப்பில் ஆளுக்கொரு தீர்ப்பு. பேரல் (குண்டு போகும் குழல்) தேய்ந்துவிட்டது என்றார் ஒருவர், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது என்றார் இன்னொருவர். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல நாலைந்து பேர் இருந்தார்கள். புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்துக்கு மேல். அப்பா பட்டறைக்கு வந்து ரைஃபிள் பெட்டியை வைத்தார். "அண்ணே, இதைத் திரும்ப வித்துரலாமா, இல்ல இன்னொரு கடன் வாங்கலாமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், பழைய டார்கெட் அட்டைகள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன்.

அங்கேதான் இந்தப் பிள்ளையின் நல்ல பழக்கம் ஒன்று கைகொடுத்தது. சுட்ட அட்டையை எறியமாட்டாள். தேதி, சுட்ட வரிசை எண், சிலிண்டரின் அழுத்த அளவி எந்த இடத்தில் நின்றது என்று பென்சிலில் எழுதி, கடையில் ஏ4 தாள் வந்த காலிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். பெட்டி முழுக்க ஆறு மாத அட்டைகள். இதற்கு ஆன செலவு ஒரு பென்சில். அது இல்லாவிட்டால் நானும் பேரல் போச்சு என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்த விளையாட்டின் அளவுகளைத் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு சொல்வது புரியும். பத்தாம் வளையம் என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. கறுப்பு வட்டம் முழுவதும் 30.5 மி.மீ. குண்டின் விட்டம் 4.5 மி.மீ. தசமக் கணக்கில், ஒரு குண்டுக்கு அதிகபட்சமான 10.9-லிருந்து ஒவ்வொரு 0.1 குறைவதற்கும் குண்டு 0.25 மி.மீ. விலகினால் போதும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 எடுத்து பத்தாம் இடம். அதே தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாகி இறுதிப் போட்டிக்குப் போனார். 60 குண்டுக்கும் சேர்த்து வித்தியாசம் 0.8. ஒரே ஒரு குண்டு 2 மி.மீ. விலகினால் அந்த 0.8 போய்விடும்.

அட்டைகளை மேசையில் தேதி வாரியாகப் பரப்பினோம். சரிவு தொடங்கிய வாரத்திலிருந்து ஓட்டைகள் இடம் வலமாக விரியவில்லை, மேலும் கீழுமாக நீண்டிருந்தன. தேய்ந்த பேரலுக்கு மேல் கீழ் என்று தனிப் பாசம் கிடையாது. அது எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். ஆக, துப்பாக்கியைத் தொடாமலே ஒரு தீர்ப்பு அடிபட்டுப் போனது.

மேலும் கீழும் நீளக் காரணங்கள் பல. முதலில் கண்ணில் பட்டது சிலிண்டர். ஒவ்வொரு நாளும் கடைசி அட்டைகளில் குண்டு கீழே இறங்கியிருந்தது. பென்சில் குறிப்பு அந்த நேரத்தில் அளவி சிவப்பில் இருந்ததைச் சொன்னது. ரேஞ்ச் வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர். காற்று அங்கேதான் நிரப்ப வேண்டும். பஸ் செலவை மிச்சம் பிடிக்க, இருக்கிற காற்றைக் கடைசி மூச்சு வரை ஓட்டியிருக்கிறாள். அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போனால் குண்டின் வேகம் குறையும். நொடிக்கு 170 மீட்டர் அளவில் போகும் குண்டு 10 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 17 மி.மீ. விழுகிறது. வேகம் 5 சதவீதம் குறைந்தால் இன்னும் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக விழும். அதாவது நேராகப் பிடித்துச் சுட்டாலும் 10.5 வரவேண்டிய இடத்தில் 9.8.

இனி துப்பாக்கி. மேட்ச் ரைஃபிளை இரும்பு வைஸில் பிடித்துச் சோதிக்க உரிய கிளாம்ப் வேண்டும். நம்மிடம் இல்லை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் கால் பகுதியை வெட்டி, சலித்த ஆற்றுமணல் நிரப்பி, இரு முனையையும் தைத்து இரண்டு மூட்டை செய்தோம். முன்னால் பெரியது, பின்னால் சின்னது. ரேஞ்சில் கனமான மேசை மேல் வைத்து, ரைஃபிளை அதில் அமர்த்தி, ஐந்தைந்து குண்டாகச் சுட்டோம். அளந்தது ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை.

முதல் நாள் உயரம் 12, அகலம் 8 மி.மீ. சிலிண்டரை நிரப்பி, பாதிக்குக் கீழே போகவிடாமல் சுட்டதும் உயரம் 9-க்கு வந்தது.

இதோடு இரண்டு மூன்று வேலையைச் சேர்த்துச் செய்துவிட எனக்குக் கை அரித்தது. செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஜென்மத்துக்கும் தெரியாது. ஒரு மாற்றம், இருபது குண்டு, அளவு, அதன்பிறகு அடுத்தது என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து ஸ்க்ரூ. தோளில் தாங்கும் பகுதியான ஸ்டாக்கையும் இயந்திரப் பகுதியையும் பிணைக்கும் ஸ்க்ரூக்களில் பின்பக்கத்தது கால் சுற்று தளர்ந்திருந்தது. ஆலன் கீயால் முடுக்கி, ஸ்க்ரூத் தலையிலும் ஸ்டாக்கிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு, அவள் அத்தையின் சிவப்பு நெயில் பாலிஷில். இனி ஸ்க்ரூ அசைந்தால் கோடு உடையும். பார்த்தாலே தெரிந்துவிடும். பலத்தைக் காட்டி முடுக்கக்கூடாது. தயாரிப்பாளர் கையேட்டில் எவ்வளவு முடுக்கம் என்று கொடுத்திருப்பார்கள், அதுதான் கணக்கு. குரூப், அதாவது ஓட்டைகளின் கூட்டம், 8-க்கு 7 ஆனது.

பேரல் வாய் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கக் காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தடவினால், பிசிறு இருந்தால் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை. விற்றவர் மேல் இருந்த பழி அந்தக் குச்சியோடு போயிற்று.

பிறகு பேரலைத் துடைத்தோம். மீன் தூண்டில் நைலான் நரம்பு ஒரு சுருள், பழைய பருத்தி பனியன் துணி. நரம்பை இரண்டாக மடித்து, வாய்ப்பக்கமாக நுழைத்து, குண்டு போடும் பக்கம் வெளியே வரும் வளையத்தில் விரல் நக அகலத் துணியைக் கோத்து, வாய்ப்பக்கமாக இழுக்க வேண்டும். குண்டு போகும் திசையிலேயே துணியும் போகிறது. சிலிண்டரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குடையவே கூடாது. பேரலின் உட்சுவரில் உள்ள மென்மையான வரிப்பள்ளம் கீறினால் அதற்கு மருந்து கிடையாது. முதல் துணி அடுப்புக்கரியைத் துடைத்த மாதிரி வந்தது. எட்டாவது துணி சாம்பல் நிறம். அங்கே நிறுத்தினோம்.

துடைத்ததும் குரூப் இன்னும் மோசமாயிற்று! அப்பாவின் முகம் மாறிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. துடைத்த பேரலில் மறுபடி மெல்லிய ஈயப்படலம் சமமாகப் படியச் சில குண்டுகள் பிடிக்கும். பதினைந்து குண்டுக்குப் பிறகு 6.5 மி.மீ.க்கு வந்து அங்கேயே நின்றது, உயரமும் அகலமும் ஒன்றாக. போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி பேரல் துடைக்கக்கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

பெல்லட்டில், அதாவது குண்டில், பெரிதாக ஒன்றும் இல்லை. டப்பாவை ஸ்கூட்டி பெட்டியில் போட்டுக் குலுக்கியதில் சிலவற்றின் பின்பக்கப் பாவாடை போன்ற விளிம்பு நசுங்கியிருந்தது. கண்ணாடித் தகட்டைச் சற்றே சாய்த்து உருட்டிவிட்டால் நல்லவை எல்லாம் ஒரே மாதிரி வளைந்து ஓடும், நசுங்கியது தள்ளாடும். தள்ளாடியவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கினோம். டப்பா மூடிக்கடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்ததும் குலுங்குவது நின்றது. சிலர் நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போடுகிறார்கள். அந்த நேரத்துக்கு நாற்பது குண்டு சுடலாம்.

ஆக, மணல் மூட்டை மேல் துப்பாக்கி குணமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு நின்று சுட்டாள். 604.

வட்டமாக அடிக்கிற துப்பாக்கி அவள் தோளுக்குப் போனதும் மறுபடி மேலும் கீழும் நீட்டியது. பாதிதான் சரியாகியிருக்கிறது. மீதிக் கோளாறு துப்பாக்கியில் இல்லை என்பதை இப்போது நிச்சயமாகச் சொல்லலாம். யாரும் அதைக் கேட்க விரும்பவில்லை, குறிப்பாக அவள். "நான் முந்தி மாதிரிதான் மாமா நிக்கிறேன்" என்று கண் கலங்கினாள்.

முன்பு மாதிரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லாதது. நிலையெடுத்து, குறி பார்த்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்க வேண்டும். உடம்பு தன்னால் எங்கே நிற்கிறதோ அங்கே துப்பாக்கி நிற்கும். அவள் கண் திறந்தபோது சைட்டின் (குறிபார்க்கும் கருவியின்) வளையத்துக்குள் டார்கெட்டையே காணோம். அதற்கும் கீழே வெற்றுச் சுவர். மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே. ஒவ்வொரு குண்டுக்கும் தசையை இறுக்கித் துப்பாக்கியை மேலே தூக்கிச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். களைத்தால் கீழே, உஷாரானால் மேலே. அட்டை நீளாமல் என்ன செய்யும்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் வீட்டுப் பயிற்சிப் பேச்சு வந்தது. மாதிரித் தேர்வுகள் தொடங்கியதிலிருந்து ரேஞ்சுக்கு வாரம் ஒரு நாள்தான். மற்ற நாள் வீட்டில் குண்டில்லாமல் டிரை ஃபயர், தினம் ஒரு மணி நேரம். நல்ல பழக்கம்தான், பைசா செலவில்லாதது. உலகத்தரமான வீரர்களும் செய்வது. சரி, வீட்டில் எப்படிச் செய்கிறாய், காட்டு என்று போனோம்.

முன் வாசலிலிருந்து சமையலறைச் சுவர் வரை ரேழி சரியாக 5 மீட்டர். அப்பா கடையில் டார்கெட்டை 50 சதவீதம் சுருக்கி ஜெராக்ஸ் போட்டிருந்தார். 5 மீட்டருக்குப் பாதி அளவு, அது சரி. அளந்து பார்த்தேன், கறுப்பு வட்டம் 15.25 மி.மீ. இருக்க வேண்டும், மயிரிழை சுத்தம். (கணினியிலிருந்து அச்செடுக்கிறவர்கள் 'தாளுக்குப் பொருத்து' என்பதை அணைத்துவிட்டு எடுங்கள். அது சத்தமில்லாமல் மூன்று நான்கு சதவீதம் சுருக்கிவிடும். எடுத்ததும் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்.) விளக்கும் நன்றாக இருந்தது. குண்டு டப்பா வேறு அறையில், பீரோவுக்குள். குண்டறை திறந்து காட்டி, அதன்பிறகே துப்பாக்கியை எடுத்தாள். எல்லாம் பாராட்டும்படி.

டார்கெட் தொங்கியது காலண்டர் ஆணியில்.

டேப் போட்டேன். வட்டத்தின் மையம் தரையிலிருந்து 1.36 மீட்டர். அவள் நிலையெடுத்து நிற்கும்போது சைட்டின் உயரம் 1.48. ரேஞ்சில் 10 மீட்டர் தள்ளி டார்கெட் மையம் 1.40 மீட்டரில் இருக்கும், அதுதான் விதி. 1.48-லிருந்து 10 மீட்டரில் 1.40-க்கு இறங்கும் பார்வைக் கோடு, பாதி தூரத்தில் 1.44-ல் இருக்க வேண்டும். ஆணி அதற்கு 8 செ.மீ. கீழே. 5 மீட்டரில் 8 என்றால் 10 மீட்டரில் 16. இரண்டு மாதமாகத் தினம் ஒரு மணி நேரம், அவள் உடம்பு டார்கெட்டுக்கு முக்கால் சாண் கீழே குறிபார்க்கப் பழகியிருக்கிறது. துப்பாக்கி வாங்கிய மாதமும் வீட்டுப் பயிற்சி கூடிய மாதமும் அடுத்தடுத்து வந்ததில், பழி முழுவதும் துப்பாக்கி மேல் விழுந்தது.

அப்பா ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது எங்க அம்மா அடிச்ச ஆணிண்ணே" என்றார்.

கணக்கை யாரும் வீட்டில் போடலாம். சைட் உயரத்திலிருந்து 1.40-ஐக் கழித்து, வரும் மிச்சத்தை உங்கள் வீட்டுத் தூரத்தால் பெருக்கி, பத்தால் வகுத்து, சைட் உயரத்திலிருந்து கழித்தால் ஆணி அடிக்க வேண்டிய இடம். பிள்ளைகள் வளர்வார்கள், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி டேப் பிடிக்க வேண்டும். அவளுக்குப் புது ஆணி அடிக்காமல், சுவரில் ஒரு மரச்சட்டம் நிறுத்தி, டார்கெட்டை ஏற்றி இறக்கும்படி கிளிப் போட்டோம்.

அதே நாள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. குறி பார்க்காத கண்ணை மறைக்க மூக்குக்கண்ணாடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தாள். ஒரு கண்ணை இருட்டாக்கினால் இரண்டு கண்ணின் பாவையும் சேர்ந்தே விரியும். குறி பார்க்கும் கண்ணில் தெளிவு குறையும். ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை வெட்டி, வெளிச்சம் ஊடுருவும் மறைப்பாகப் பின் சைட்டில் மாட்டினோம். 30 மி.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது, சைட் மையத்திலிருந்து பக்கவாட்டில் 100 மி.மீ.க்கு மேல் நீளக்கூடாது. இதைத் தாண்டினால் போட்டியில் சாமான் சோதனையிலேயே கழற்றச் சொல்வார்கள். உள்ளே குண்டு இல்லை என்று காட்டப் பேரலுக்குள் விடும் பாதுகாப்புக் கொடிக்கு, புல் வெட்டும் இயந்திரத்தின் ஆரஞ்சு நைலான் கயிற்றில் ஒன்றரை முழம். ஏர் ரைஃபிளுக்குக் கயிறு பேரல் முழுவதும் ஓடி இரு பக்கமும் தெரிய வேண்டும். கடையில் விற்பதைவிட இதுதான் தூரத்திலிருந்தே தெரிகிறது.

மொத்தச் செலவு, மணல் ஓசி என்பதால், 340 ரூபாய்.

சிக்கனத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த விவகாரத்தின் நடுவில், பஸ் செலவு மிச்சமாகட்டும் என்று அப்பா சிலிண்டரோடு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கிறார். அங்கே அழுத்தமான சிலிண்டர் இருக்கிறதே, அதிலிருந்து ஏற்றித் தரமாட்டார்களா என்று. நல்லவேளை, இணைப்பு பொருந்தவில்லை. அது ஆக்சிஜன். அதிக அழுத்த ஆக்சிஜன் கிரீஸைத் தொட்டால் தீப்பொறி தேவையில்லை, தானே வெடிக்கும். இதை அவரிடம் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது, இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது. ஏர் ரைஃபிளில் நிரப்ப வேண்டியது ஈரமில்லாத சுத்தமான காற்று மட்டும். சிலிண்டர், வால்வு, ரெகுலேட்டர் மூன்றிலும் வீட்டு வைத்தியம் கிடையாது. உள்ளே சாதா எண்ணெயும் விடக்கூடாது. ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ், அதுவும் பொட்டு அளவு.

ஸ்பிரிங் வகை ஏர்கன் வைத்திருப்பவர்கள் டிரை ஃபயர் செய்யாதீர்கள். முன்னால் குண்டின் தடை இல்லாமல் பிஸ்டன் போய் முட்டி உடைந்துபோகும். சிலிண்டர் வகை மேட்ச் ரைஃபிளில் அதற்கென்றே தனி விசை இருக்கிறது.

ஈயத்தைப் பற்றி இரண்டு வரி. சுட்ட கையோடு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற பிள்ளைகளை எல்லா ரேஞ்சிலும் பார்க்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குண்டு விழும் இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பேரல் துடைத்த பனியன் துணி குப்பைக்கு, வீட்டுத் துணியோடு சேரக்கூடாது.

சட்டத்தையும் கேட்பார்கள். 4.5 மி.மீ. அளவுக்குள்ளும் 20 ஜூலுக்குள்ளும் உள்ள ஏர்கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். மேட்ச் ரைஃபிள் 7, 8 ஜூல்தான். ஸ்பிரிங்கை மாற்றிச் சக்தியைக் கூட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். அது விளையாட்டுக்கும் உதவாது, சட்டத்துக்கும் ஆகாது.

புது உயரத்தில் பழகத் தொடங்கிய முதல் வாரம் இன்னும் மோசம், 601. பழைய பழக்கம் உடம்பிலிருந்து இறங்க நேரமாகும். பயிற்சியாளர் பொறுப்பெடுத்து, கால் வைக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, தோளில் பதியும் பட் பிளேட்டைச் சற்று இறக்கினார். நான்காவது வாரம் 611. போன ஞாயிறு 613.4. அட்டைகளில் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றன.

துப்பாக்கியைத் திரும்ப எடுத்துப்போக வந்த அன்று, பெட்டியை மூடும் முன் சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருந்த தேதியை அப்பாவுக்குக் காட்டினேன். இந்தச் சிலிண்டருக்குச் செய்த நிறுவனம் சொல்லும் ஆயுள் பத்து வருஷம்தான். இதில் எட்டு ஓடிவிட்டது. இதை நெயில் பாலிஷ் வைத்தெல்லாம் தள்ள முடியாது என்றேன்.

"எவ்ளோண்ணே வரும்?"

சொன்னேன். கடைக்குப் பக்கத்துப் பூக்கார அக்காவிடம் இருபது மாசச் சீட்டு ஒன்று சேர்ந்திருக்கிறார்.